காலியாகாத இடம்

கேப்பைக் கூழ் காய்ச்சுவது அப்படியொன்றும் கடினமான வேலை இல்லை, மேடம். முதல் நாளே மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துவிட வேண்டும். மறுநாள் நொய்யை வேகவிட்டு, அது குழைந்ததும் மாவை ஊற்றி, கட்டி விழாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கிண்டுகிற கை நிற்கக் கூடாது, அவ்வளவுதான். எனக்கு அடுப்பு பற்றவைக்கக்கூடத் தெரியாது என்று என் மனைவி கவிதா எல்லோரிடமும் சொல்லுவாள். ஆனால் ஒன்றரை வருடம் என் மாமாவுக்குக் கூழ் காய்ச்சி ஊட்டியவன் நான்தான். ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. இதை முதலிலேயே எழுதிக்கொண்டால் நல்லது. பின்னால் வருவதை மட்டும் படிக்கிறவர்கள் என்னைத் தப்பாக நினைத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

உங்களுக்கு அவர் சுப்புராயன் எம்.எல்.ஏ. எனக்கு அவர் அம்மாவின் தம்பி. அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்விட்டதால் என்னை வளர்த்தவரும் அவர்தான். அத்தை இருந்தவரை அத்தை கையால் சாப்பாடு. அத்தை போன பிறகு நாங்கள் இருவரும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் பரோட்டா. அவருக்குப் பிள்ளை கிடையாது. கோகுலகிருஷ்ணன் என்று எனக்குப் பெயர் வைத்ததே அவர்தானாம். அவர் எம்.எல்.ஏ. ஆனதும் நான் அவருடைய உதவியாளன் ஆனேன். கட்சி எது என்பது உங்களுக்கே தெரியும், இந்தக் கதைக்கு அது அவசியமில்லை. எந்தக் கட்சியாக இருந்திருந்தாலும் நான் இதையேதான் செய்திருப்பேன்.

திண்டிவனம் அலுவலகத்தில் மனு வாங்குகிற நேரம் போக மிச்ச நேரம் முழுக்க நான் மொழிபெயர்ப்பு நாவல்கள் படித்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் பனி விழுகிற ஊர்களில் நடக்கிற கதைகள். வெளியே செஞ்சி பஸ்காரன் ஹாரனை விடாமல் அடிப்பான், உள்ளே நான் யாரோ ஒரு பிரபுவின் தோட்டத்தில் நடந்துகொண்டிருப்பேன். அந்த நாவல்களில் குற்றம் செய்தவனுக்குக் காய்ச்சல் வரும், பிதற்றுவான், நதிக்கரையில் அலைவான். எனக்கு இந்த ஒன்றரை வருடத்தில் ஒரு தலைவலிகூட வந்ததில்லை. அதிலிருந்தே இது எந்த வகையைச் சேர்ந்தது என்று நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

எங்கள் ஊர் பிரம்மதேசத்துக்கு அந்தப் பக்கம். ஊருக்கும் தார்ச் சாலைக்கும் நடுவில் ஓர் ஓடை இருக்கிறது. அதன் மேல் ஒரு தரைப்பாலம். மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் பாலம் தண்ணீருக்கடியில் போய்விடும். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை, பால் வண்டிக்கு விடுமுறை, பிரசவ வலி வந்தால் மட்டும் விடுமுறை கிடையாது, டிராக்டரில் ஏற்றி மயிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஓர் உயர்மட்டப் பாலம் கட்டினால் தீர்ந்தது. மாமா ஓட்டுக் கேட்டதே அந்தப் பாலத்தைச் சொல்லித்தான்.

அவர் நல்லவர். எல்லோருடனும் சிரித்துப் பேசுவார். அதற்கு மேல் அவரால் முடியாது. பேரவையில் ஒருமுறை எழுந்து பாலத்தைக் கேட்டார். திரும்பி வந்ததும் நான் கேட்டேன்.

"இன்னா சொன்னாங்க மாமா?"

"பரிசீலனையில கீதாம் மாப்ள."

"எத்தினி நாளைக்கி?"

"அது பரிசீலன பண்றவனுக்கே தெரியாது. நீ ஏன் பேஜாரு ஆவற? வா, டீ குடிக்கலாம்."

இப்படிப்பட்டவரிடம் கோபப்பட முடியாது. நானும் படவில்லை. டீ குடித்தேன்.

கவிதாவின் அம்மா வீடு விழுப்புரத்துக்கு மேற்கே, வேறு தொகுதி. அங்கே எம்.எல்.ஏ. காலமாகி இடைத்தேர்தல் வந்தது. அந்தச் சமயத்தில் நாங்கள் அங்கே போனோம். ஊர் எல்லையிலேயே பைக்கை நிறுத்திவிட்டேன், வழி மாறிவிட்டதோ என்று. புதுச் சாலை. இரண்டு பக்கமும் புது விளக்கு. பாதியில் நின்றிருந்த சமுதாயக் கூடம் சுண்ணாம்பு வாசனையோடு முழுசாக நின்றது. கவிதாவின் அண்ணன் செல்வகுமார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் வீட்டில் அன்று காலை வேறு மாவட்டத்து முக்கியப் புள்ளி ஒருவர் பழைய சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்.

"இன்னா மாப்ள, ரோட்டப் பாத்தியா? சோத்தக் கொட்டி அள்ளித் துன்னலாம்."

"எப்ப போட்டாங்க மச்சான்?"

"எங்க ஆளு போயி காரியம் முடியறதுக்குள்ள ஜல்லி வந்து எறங்கிச்சி. தேர்தல் தேதி சொல்லிட்டா புது வேல பண்ணக் கூடாதாமே. அதான் ஜல்தி ஜல்தியா போட்டாங்க. இருந்த வரைக்கும் அந்த மனுசனால ஒரு வண்டி மண்ணு கூட அடிக்க முடில. போனாரு, எல்லாம் வந்துச்சி."

"எங்க ஊருக்குப் பாலம்தான் வேணும்."

"உங்க ஊருக்கு எங்க வரப் போவுது? உங்க மாமா கருங்கல்லு மாரி கீறாரு. நூறு வயசுக்குக் கொறையாது."

"அண்ணா, வாயக் கழுவு," என்றாள் கவிதா உள்ளேயிருந்து.

"அட, நல்லாருக்கட்டும்னுதாம்மா சொல்றேன்."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஆனால் திரும்பி வரும் வழியில் அந்தப் புதுச் சாலை எங்கே முடிகிறதோ அந்த இடத்தில், பைக் குலுங்க ஆரம்பித்தபோது, எனக்கு ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்தது. பொதுத் தேர்தலில் நாம் மாநிலம் முழுக்க இருக்கிற கூட்டத்தில் ஒருவராக இருக்கிறோம், யார் கண்ணிலும் படுவதில்லை. இடைத்தேர்தலில்தான் ஓர் அரசாங்கம் முழுசும் வந்து நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறது. ஜனநாயகம் என்று ஒன்று இருக்குமானால் அது இடைத்தேர்தலின்போது மட்டும்தான் இருக்கிறது.

அதற்கடுத்த மாதம் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. இதில் என் பங்கு எதுவும் இல்லை, மேடம். ஒரு காதணி விழாவில் மொய் எழுதிவிட்டு எழுந்தவர் அப்படியே சரிந்தார். புதுச்சேரிக்குக் காரில் கொண்டுபோனவன் நான். வழியெல்லாம் அவர் தலை என் மடியில்தான் இருந்தது. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன, பேச்சு போய்விட்டது. உயிருக்குப் பயமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

விழுப்புரத்திலிருந்து புனிதா என்ற பெண் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தார். கெட்டிக்காரர். மூன்றாவது வாரமே மாமா கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மா" என்றும் "பா" என்றும் ஏதோ வந்தது.

"சார் சூப்பரா பண்றாரு," என்றார் புனிதா. "மொத ஆறு மாசம்தான் சார் முக்கியம். விடாம பண்ணா நடந்துருவாரு, பேச்சும் வந்துரும். முழுங்கறது சரியாயிடுச்சி, இனிமே கூழு, கஞ்சின்னு குடுக்காதீங்க. மெல்ற மாரி குடுங்க, நாக்குக்கு வேல இருக்கணும். அப்புறம் அவருகிட்ட பேசிக்கினே இருங்க. பதில் வரலன்னாலும் பேசுங்க."

எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அந்த வாரம்தான் அலுவலக அலமாரியில் ஒரு புத்தகத்தை எடுத்தேன். உறுப்பினர்களுக்குக் கொடுக்கிற சட்டம், விதிகள் புத்தகம். மாமா அதன் மேல் டீ டம்ளர் வைப்பார், பிரித்ததில்லை. எனக்குப் புத்தகம் என்றால் பிரித்துவிட வேண்டும். அதில் ஒரு வரி இருந்தது. அனுமதி இல்லாமல் அறுபது நாள் பேரவைக் கூட்டங்களுக்கு வராத உறுப்பினரின் இடம் காலியானதாகப் பேரவை அறிவிக்கலாம். நாவல் படிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நல்ல வரி ஒன்று வந்துவிட்டால் புத்தகத்தை நெஞ்சின் மேல் கவிழ்த்துவிட்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். நான் அப்படித்தான் செய்தேன். விட்டத்தில் பாலம் தெரிந்தது. அதன் மேல் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசையாகத் திண்டிவனம் போய்க்கொண்டிருந்தன.

யாரும் சாக வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மாமா சும்மா இருந்தால் போதும். அவருக்கு அது புதிதும் இல்லை. அறுபது நாள் அவர் குணமாகாமல் இருந்தால், காலியான இடத்தை ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் வைத்து நிரப்பியாக வேண்டும், அந்த ஆறு மாதத்தில் பாலம் வந்துவிடும். அதன் பிறகு அவரை நடக்கவைத்து, அந்தப் பாலத்தின் மேலேயே கைபிடித்து அழைத்துப் போவதாக இருந்தேன்.

எனவே, வேறு ஆள் ஏற்பாடு செய்துவிட்டோம் என்று புனிதாவிடம் சொன்னேன். அவர் நம்பினார். டாக்டர் அமைதியான இடத்தில் வைக்கச் சொல்கிறார் என்று கவிதாவிடம் சொன்னேன். அவளும் அப்போது நம்பினாள். மாமாவை எங்கள் நிலத்தில் இருக்கிற மோட்டார் கொட்டாய்க்கு மாற்றினேன். கொட்டாய் என்றால் பெயர்தான் அப்படி, நல்ல ஓட்டுக் கட்டடம், ஃபேன் உண்டு, காற்று வரும். நடை பழகுகிற கம்பிச் சட்டத்தைப் பரண் மேல் வைத்தேன். மெல்லுகிற சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கூழ் ஆரம்பித்தேன். பேசுவதை நிறுத்தினேன். இதுதான் கொஞ்சம் சிரமமாக இருந்தது, ஏனென்றால் நான் இயல்பாகவே பேசுகிறவன். ஊட்டும்போது "ம்" என்றுகூடச் சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் கூழைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவரை நான் ஒருபோதும் அடித்ததில்லை. ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. எந்தச் சொல்லும் சொன்னதில்லை.

பேரவைக்கு விடுப்புக் கடிதம் அனுப்பவில்லை. கட்சியில் கேட்டால் அனுப்பிவிட்டேன் என்பேன், அவர்கள் அதற்கு மேல் கேட்கவில்லை. அறுபது நாளும் கழிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. சென்னைக்குப் போன் போட்டு, சட்டக் கல்லூரி மாணவன் என்று சொல்லிச் சந்தேகம் கேட்டேன். அங்கே ஒரு பெரியவர் பொறுமையாகப் பேசினார்.

"அதுக்குக் கீழ இருக்கறதப் படிச்சீங்களா தம்பி?"

"இல்லீங்க சார்."

"பேரவை கூடுற காலத்த மட்டுந்தான் கணக்குல எடுத்துப்பாங்க. தொடர்ந்து நாலு நாளைக்கு மேல ஒத்திவெச்சுட்டா அந்த நாள் சேராது. காலண்டர் அறுபது வேற, இந்த அறுபது வேற. இது முடிய ஒரு வருசம் மேலேயே ஆவும். எதுக்குத் தம்பி, பரீட்சையா?"

"ஆமாங்க சார்."

"நல்லா எழுதுங்க."

ஒரு வரி கீழே படிக்காமல் விட்டது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பேரவை வருடத்துக்கு எத்தனை நாள் கூடுகிறது என்று நீங்களும் கொஞ்சம் பாருங்கள். அது ஒழுங்காகக் கூடியிருந்தால் மாமா இரண்டு மாதத்தில் எழுந்து நடந்திருப்பார். இன்னொன்றும் சொல்லுகிறேன். சில நாடுகளில் ஓர் இடம் காலியானால் கட்சிப் பட்டியலில் அடுத்த பெயருக்கு அது தானாகப் போய்விடுமாம். சில இடங்களில் தேர்தலின்போதே ஒரு மாற்று ஆளையும் சேர்த்தே தேர்ந்தெடுத்துவிடுகிறார்களாம். இங்கேயும் அப்படி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் இடைத்தேர்தல் இருந்திருக்காது, புதுச் சாலை இருந்திருக்காது, நானும் மாமாவைத் தினமும் பயிற்சிக்கு அழைத்துப் போயிருப்பேன். ஆக, இதில் நான் எவ்வளவு, சட்டம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதற்குள் வேலை நன்றாக நடந்துகொண்டிருந்தது. மாமாவின் போன் என்னிடம் இருந்தது. அவர் பெயரில் வாழ்த்துச் சொன்னேன், இரங்கல் சொன்னேன், பழைய படங்களை எடுத்துப் போட்டேன். கல்யாணங்களுக்கு அவர் சார்பில் போனேன். அவர் பெயரில் கடிதம் எழுதி நானே கலெக்டர் அலுவலகத்துக்கு எடுத்துப் போய், கையெழுத்தாகும் வரை அங்கேயே உட்கார்ந்து நாவல் படித்தேன். முதியோர் பணம் நின்றுபோனவர்களுக்குத் திரும்ப வந்தது. ரேஷன் கடை பகுதி நேரத்திலிருந்து முழு நேரமானது. எம்.எல்.ஏ. இப்போதுதான் சுறுசுறுப்பாக இருக்கிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். காலியான இடத்தை எப்படி நிரப்புவது என்று அவ்வளவு யோசித்திருக்கிற சட்டம், ஆள் உட்கார்ந்திருந்தும் காலியாக இருக்கிற இடத்தைப் பற்றி ஒரு வரிகூட யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

ஒருமுறை ராயப்பன் என்பவர் பார்த்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். அவர் மகளுக்கு மாமா சிபாரிசில் வேலை கிடைத்திருந்தது, உண்மையில் என் சிபாரிசு. மாமாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, நாற்காலியில் உட்கார வைத்தேன். தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டுப் போய்விடுங்கள் என்று சொல்லியிருந்தேன். அவர் நேராகக் கிட்டே போய்விட்டார்.

"அய்யா, எப்டி கீறீங்க? முன்னிக்கி இப்ப தெம்பா கீறீங்க."

மாமா இடது கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வாய் திறந்து மூடியது.

"கோகுலு, பாரேன், கையவே வுட மாட்றாரு," என்றார் ராயப்பனும் கண் கலங்கி. "எங்க மேல இன்னா பாசம் பாரு இந்த மனுசனுக்கு."

நான் குனிந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். சுண்டுவிரல்தான் கடைசிவரை வரவில்லை. அந்தச் சந்திப்பின் படத்தை அன்றே முகநூலில் போட்டேன். நிறையப் பேர் பார்த்தார்கள்.

பிறகு கார்த்திகையில் அந்தப் புயல் வந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், விழுப்புரம் மாவட்டமே ஏரியாகிவிட்டது. எங்கள் தரைப்பாலம் இருந்த இடமே தெரியவில்லை. காலையிலேயே நான் அரிசியும் பாயும் எடுத்துக்கொண்டு படகில் ஊர் ஊராகப் போனேன், மாமா பெயரில்தான். கொட்டாயில் மாமா தனியாக இருந்தார். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்துவிட்டுத்தான் போனேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சாயங்காலம் இடுப்பளவுத் தண்ணீரில் வயலைக் கடந்து திரும்பும்போது யாரோ என்னைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"கோகுலு. டேய், கோகுலு."

சுற்றிலும் யாரும் இல்லை. மழை நின்றிருந்தது. மறுபடியும் கேட்டது. அவ்வளவு தெளிவு. நோய் வருவதற்கு முன்பு திண்டிவனம் அலுவலகத்தில் உள்ளறையிலிருந்து கூப்பிடுவாரே, அதே குரல். உள்ளே போனேன். தண்ணீர் கட்டில் கயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், நனையவில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தார். வாய் கோணாமல் சிரித்தார். "வண்ட்டியா?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, மேடம். சந்தோஷத்தில்தான். இதைக் கவிதாவிடம்கூட நீங்கள் கேட்கலாம், அன்று நான் அழுத முகத்தோடு வந்தேன் என்று சொல்லுவாள். என்னைக் கூப்பிடத்தான் அவர் பேச்சைத் திரும்பக் கற்றுக்கொண்டிருக்கிறார். வேறு யார் பெயரையும் இல்லை.

ஆனால் அந்த அறுபது நாள் கணக்கில் பாதிகூட வரவில்லை. அடுத்த கூட்டத்தொடருக்கு அவர் எழுந்து போய்விடுவார் போலிருந்தது. மறுவாரம் இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோனது, வாங்க மறந்துவிட்டேன். இல்லை, மறந்துவிட்டேன் என்று எழுத வேண்டாம். நிறுத்தினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். தை பிறப்பதற்குள் இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தது. முதல் தடவை அளவுக்குப் பெரிதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை, போனால் புனிதா மாதிரி இன்னொருவர் வருவார். அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை. மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டேன். தேவைக்கு மேல் எதையும் நான் செய்ததில்லை.

கவிதாவுக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.

"நான் ஒரு வாட்டி அவர பாக்கணும்ங்க."

"டாக்டர் வேணாம்னாரு."

"எந்த டாக்டரு? பேரு சொல்லுங்க."

நான் மாமாவின் போனை எடுத்து யாருக்கோ இரங்கல் அனுப்ப ஆரம்பித்தேன்.

"அவரு எம்.எல்.ஏ.வா, நீங்க எம்.எல்.ஏ.வா? எனக்கு ஒண்ணும் புரியல. உங்கள எல்லாரும் அண்ணான்றாங்க, சாருன்றாங்க. நீங்களும் திரும்பிப் பாக்குறீங்க." அவள் பையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தப் புதுச் சாலை வழியாகத்தான் போயிருப்பாள், குலுங்காமல்.

அறுபது நாள் நெருங்கி வரும்போது இன்னொரு விதி குறுக்கே வந்தது. இந்த முறை கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் சொல்லுகிறேன். பதவிக்காலத்தில் ஒரு வருடத்துக்கும் குறைவாக மிச்சம் இருந்தால் இடைத்தேர்தல் கிடையாது, இடம் அப்படியே காலியாகக் கிடக்கும். சித்திரை போய் வைகாசி வந்தது. அந்தக் கோட்டையும் தாண்டிவிட்டோம். இனிமேல் மாமா எழுந்து நடந்தாலும் ஒன்றுதான், படுத்திருந்தாலும் ஒன்றுதான்.

அப்போதாவது ஏன் விட்டுவிடவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நானும் யோசித்தேன். புனிதா சொன்ன ஆறு மாதம் எப்போதோ முடிந்திருந்தது. அவரை வெளியே கொண்டுவந்தால் எத்தனையோ விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும், அதில் மக்கள் வேலை கெட்டுப்போகும். அலுவலகத்தில் தினமும் காலையில் ஆட்கள் காத்திருந்தார்கள். தொகுதியை ஒரு வருடம் ஆளில்லாமல் விடுவது சரியா என்று நீங்களே சொல்லுங்கள். எனக்கு அந்த நாற்காலி மேல் ஆசை என்று கவிதாவின் அண்ணன் ஊரெல்லாம் சொல்லுகிறானாம். நான் அதில் உட்கார்ந்ததே இல்லை, பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவேன். பிளெக்ஸ் பேனரில் என் படம் தபால்தலை அளவில் ஆரம்பித்து மாமா படத்தின் அளவுக்கு வந்துவிட்டது உண்மைதான். அது அச்சடிக்கிறவர்கள் எடுத்த முடிவு.

அப்புறம் பாலம் வந்துவிட்டது. இடைத்தேர்தல் இல்லாமலேயே வந்தது. புயலில் அடித்துப்போனதைப் படம் எடுத்து, மாமா பெயரில் கடிதம் எழுதி, சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் நான் அலைந்த அலைச்சல். ஓர் அதிகாரி சொன்னார், "இவ்ளோ நாளா யாரும் வந்து உக்காரலப்பா, அதான் ஃபைலு நகரல." யாராவது வந்து உட்கார்ந்திருந்தால் போதுமாம். அதை அவர் முன்பே சொல்லியிருக்கலாம்.

திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவதாகச் சொன்னார்கள். தொகுதி எம்.எல்.ஏ. மேடையில் இல்லாமல் எப்படி? அது மாமா கேட்ட பாலம். அவர் பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டுவந்தேன். புதுச் சட்டை, சவரம், துண்டு எல்லாம் என் கையால்தான். இப்போது அவர் மிகவும் மெலிந்திருந்ததால் தூக்குவது சுலபம். அவரைப் பார்த்ததும் கூட்டம் கைதட்டியது, விசில் அடித்தது. அமைச்சர் பேசி முடித்ததும் யாரோ ஒருவர் "அய்யா ஒரு வார்த்த சொல்லட்டும்" என்று கத்த, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அய்யாவால் முடியாது, நான் அவர் சார்பில் பேசுகிறேன் என்று சொல்லத்தான் மைக்கை எடுத்தேன். அவர் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

எப்போது பழகினார் என்று எனக்குத் தெரியவில்லை. மோட்டார் ஓடுகிற நேரத்தில் அவர் உதடு அசைந்துகொண்டிருப்பதை நான் கவனித்திருக்கிறேன். ஏதோ வயசாளிகள் வாயை மெல்லுவது போல என்று விட்டுவிட்டேன். அந்தச் சத்தத்துக்குள் அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"என்ன," என்றார். ஸ்பீக்கரில் அவர் மூச்சு விடுவது எல்லோருக்கும் கேட்டது. "என்ன... வூட்டுக்கு... கூட்டிக்கினு போம்மா."

கீழே பாதுகாப்புக்கு நின்றிருந்தது நீங்கள்தான், மேடம். மற்றது உங்களுக்கே தெரியும். நீங்கள் மேடை ஏறி வந்தீர்கள், மைக்கை விட்ட அந்தக் கை உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டது, ஜீப் வரைக்கும் விடவில்லை.

எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். புனிதாவை நிறுத்தியது நான், கொட்டாயில் வைத்தது நான், பேசாமல் இருந்தது நான், பேச்சு வந்த பிறகு மாத்திரையை எடுத்துவிட்டதும் நான். எதையும் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. பெற்ற பிள்ளை மாதிரி ஒன்றரை வருடம் பார்த்துக்கொண்ட நான் பக்கத்திலேயே நிற்கிறேன், முன்பின் தெரியாத உங்களைப் பார்த்து அவர் ஏன் அப்படிக் கேட்டார்? என்னிடம் கேட்டிருந்தால் நான் கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டேனா, மேடம்.